“இது எங்க போட் இல்லையே” என்றவர் சொன்னது சரியா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், 1950களின் பிற்பாதியில் சிங்கப்பூரில், பிரிட்டிஷ் விமானப்படையின் (ஆர்.ஏ.எஃப்.) செலட்டார் தளத்தில் இருந்தவர். நீரிலிருந்தே கிளம்பி நீரிலேயே இறங்கும் சண்டர்லேண்ட் என்ற பறக்கும் படகு விமானத்தில் சிக்னலர், அதாவது ரேடியோ இயக்குபவர். ஹென்டனில் ஆர்.ஏ.எஃப். மியூசியத்தில் நிற்கும் சண்டர்லேண்டைப் போய்ப் பார்த்துவிட்டு, “இது எங்க போட் இல்லையே” என்று முகம் வாடித் திரும்பியிருக்கிறார். மறுபடி கூட்டிப் போகலாமா, உள்ளே ஏற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் நீங்கள் கேட்கத் தயங்கியது வேறொன்று: அவருக்கு ஞாபகம் பிசகிவிட்டதா, அல்லது மியூசியம்தான் தப்பாக வைத்திருக்கிறதா? பழைய விமானங்களைப் பேணுகிறவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி சந்திக்கிறோம். அநேகமாக இரண்டுமே இல்லை.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஹென்டனில் இருக்கும் விமானத்தின் எண் எம்.எல்.824. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஷார்ட் நிறுவனம் கட்டியது. 1945இல் ஆர்.ஏ.எஃப்.இன் 201ஆம் ஸ்குவாட்ரனிலும் (விமானப் பிரிவு), பிறகு நார்வேக்காரர்களின் 330ஆம் ஸ்குவாட்ரனிலும் பறந்தது. 1951இல் பிரெஞ்சுக் கடற்படைக்குப் போய்விட்டது. அவர்கள் ஆப்பிரிக்காவில் டக்கார் தளத்தில் வைத்து ஓட்டினார்கள். அவர்களுக்கு வேலை முடிந்ததும், 1961 மார்ச்சில் வேல்ஸில் உள்ள பெம்ப்ரோக் டாக்கில் கொண்டுவந்து இறக்கிக் கொடுத்தார்கள். 1971இல் அங்கிருந்து ஹென்டனுக்கு வந்தது. உங்கள் பெரியவர் செலட்டாரில் இருந்த நாட்களில் இது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர் இதில் காலடி வைத்திருக்கவே வழியில்லை. மேலே பூசியிருப்பதும் போர்க்கால வண்ணமும் எழுத்துகளும்தான். அவர் காலத்துச் சிங்கப்பூர்ப் படகுகளின் கோலம் அல்ல. ஆகவே அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை: அது அவருடைய போட் இல்லை. இதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பாதி வருத்தம் அங்கேயே தீரும்.

ஆனால் வகை ஒன்றுதான். இதுவும் மார்க் 5, அவர் பறந்ததும் மார்க் 5. மார்க் என்பது சண்டர்லேண்டின் பதிப்பு எண். போர்க்கால மார்க் 3இல் இருந்த பிரிஸ்டல் பெகாசஸ் என்ஜின்களுக்குப் பதிலாக, 1,200 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் நான்கு. 34 மீட்டருக்குச் சற்று மேலான இறக்கை, 26 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு 27 டன். இவையெல்லாம் பொருந்தும். குழப்பம் வருவது சின்ன விஷயங்களில். ‘மார்க்’ என்ற சொல் என்ஜினையும் முக்கிய அமைப்பையும்தான் உறுதி செய்கிறது. உள்ளே பொருத்திய சாமான்களை அல்ல. முதுகில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டு ஒரு விமானத்தில் இருக்கும், இன்னொன்றில் அதைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டு ஜன்னல்களில் அரை அங்குலத் துப்பாக்கிகளை வைத்திருப்பார்கள். ரேடியோப் பெட்டிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறின. அடுப்பு, கட்டில், அலமாரி எல்லாம் ஒவ்வொரு பெரிய பராமரிப்பிலும் இடம் மாறக்கூடியவை. போதாக்குறைக்கு எம்.எல்.824இல் ஒன்பது ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்கள் அவர்கள் வசதிக்குக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். வாடகை வீட்டை அடுத்தவர் காலி செய்த பிறகு நாம் போய்ப் பார்த்தால், சுவர் அதே சுவராக இருந்தாலும் ஆணி வேறு இடத்தில் இருக்கும் அல்லவா, அதுபோலத்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பலரும் யோசிப்பதில்லை. சண்டர்லேண்டின் குழுவினர் அதை முழுசாகப் பார்த்தது மிகக் குறைவு. அது நங்கூரமிட்ட மிதவை ஒன்றில் கட்டப்பட்டு நீரில் நிற்கும் சாமான். லாஞ்ச் எனப்படும் சிறு மோட்டார் படகில் போய், இடது பக்கம் மூக்கோரம் இருக்கும் கதவு வழியாக உள்ளே நுழைவார்கள். கண்ணுக்கு எட்டுவது நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பாதி. மியூசியத்திலோ அது தரையில், சக்கரக் கால்களின் மேல் ஏறி நிற்கிறது. அந்தக் கால்கள்கூட விமானத்தின் உறுப்பு அல்ல. கரையேற்ற வேண்டிய நாளில், ரப்பர் உடை போட்ட ஆட்கள் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலை மாட்டுவார்கள். வாலுக்கு ஒரு தள்ளுவண்டி வைப்பார்கள். பிறகு டிராக்டர் வால் முன்னால் வர, சரிவில் இழுத்துக் கரையேற்றும். பறக்கும்போது கால்கள் கரையிலேயே கிடக்கும். இப்படி நிற்கும் படகின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவதெல்லாம் அவருக்குப் புதுசு: நம் வள்ளங்களில் ஏராக்கட்டை ஓடுவதுபோல நடுவில் ஓடும் கூர்முனை, அதில் ஓரிடத்தில் படிக்கட்டுபோல் வெட்டி ஏறும் படி, வரிசை வரிசையாக ரிவிட் தலைகள். அந்தப் படி இல்லாவிட்டால் படகு நீரை விட்டுக் கிளம்பாது. ஓடி வேகம் பிடிக்கும்போது அடிவயிற்றின் பின்பகுதியைத் தண்ணீர் பிடித்து இழுக்காமல், படியின் விளிம்பில் ஒட்டு விடுபட்டு, நடுவே காற்று புகுகிறது. கண்ணாடிபோல் அலையற்ற நாளில் அதுவும் போதாமல் திணறும். அப்போது முன்னால் ஒரு லாஞ்சை ஓடவிட்டு நீரைக் கலைப்பது வழக்கம். இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள், நிச்சயம் ஏதாவது சொல்வார்.

மூன்றாவது, மியூசியமே வேண்டுமென்று எடுத்துவிட்டவை. எரிபொருள், எண்ணெய், ஹைட்ராலிக் திரவம், வெடிபொருள், தீப்பொறிக் குழல்கள் எல்லாம் போய்விட்டன. பழைய கருவிகளின் முகப்பில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். வண்ணத்தின் ஒளி எப்போதோ செத்துவிட்டது, கதிர்வீச்சு சாகவில்லை. ரேடியத்தின் பாதி தேய 1,600 ஆண்டு. ஆகவே அப்படிப்பட்ட முகப்புகளைக் கழற்றிப் பாதுகாப்பாக வைப்பதோ, மூடி முத்திரையிடுவதோ எங்கள் தொழிலில் சாதாரணம். பேனலில் ஓட்டை தெரிந்தால் திருடு போய்விட்டது என்று எண்ண வேண்டாம். திருட்டும் நடப்பதுண்டு என்பது வேறு கதை, குறிப்பாகக் கடிகாரங்கள். ஆனால் குழுவினருக்கு உண்மையிலேயே உறைப்பது வாசனை இல்லாததுதான். பெட்ரோல், சூடான எண்ணெய், அடிவயிற்றில் தேங்கிய உப்புத்தண்ணீர், பொரித்த பன்றி இறைச்சி, ஈரக் கம்பளி எல்லாம் கலந்த ஒரு வாடை அதற்குள் இருந்தது. இப்போது மெழுகும் தூசும்தான் மணக்கும். கூடவே, உடம்புக்குப் பழகிய மெல்லிய ஆட்டமும் இல்லை, தகட்டில் தண்ணீர் மோதும் சத்தமும் இல்லை. பேணுகிறவர்கள் இவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சரி, அவர் ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம்? ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கைகள் செய்த காரியங்களின் வரிசை அறுபது எழுபது ஆண்டு கழித்தும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். எதற்குப் பின் எது, எங்கே குனிய வேண்டும், எந்த இடத்தில் தலை இடிக்கும் என்பதெல்லாம் அதில் சேரும். தேதி, உயரம், எண்ணிக்கை, யார் எந்த விமானத்தில் என்பவை வழுக்கும். இடமா வலமா என்பது நடுவில்: தான் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னால் சரியாக இருக்கும், வெளியே நின்று படத்தைப் பார்த்துச் சொன்னால் புரண்டுவிடும். ஒரே ஆள் பத்துப் பதினைந்து சண்டர்லேண்டுகளில் மாறி மாறிப் பறந்திருப்பார். அவை மனத்தில் ஒட்டி ஒரே படகாகிவிடும். அப்படி ஒரு படகு எங்கும் இருந்ததில்லை, ஆனால் அதன் ஒவ்வொரு துண்டும் உண்மை. அவர் “அடுப்பு இந்தப் பக்கம் இருந்தது” என்றால் மறுத்துப் பேசாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். எந்த விமானம் என்று தெரியாமல் அதைச் சரி என்றோ தப்பு என்றோ யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பைலட் அல்லாத குழுவினரின் பறப்புப் பதிவேடு ஃபார்ம் 1767 என்ற நீலநிற அட்டைப் புத்தகம். வீட்டு அலமாரியில் இருந்தால் தங்கம். ஒவ்வொரு வரியிலும் தேதி, விமான வகை, எண், பைலட் பெயர், தன் வேலை, பறந்த நேரம் இருக்கும். அதை ஸ்குவாட்ரனின் அதிகாரபூர்வ நாட்குறிப்போடு ஒப்பிடலாம். ஃபார்ம் 540 என்ற அந்தக் குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் உள்ளன. செலட்டாரில் 205ஆம் ஸ்குவாட்ரன் சண்டர்லேண்டை 1959 மே 15 அன்று கடைசியாகப் பறக்கவிட்டது, ஆர்.ஏ.எஃப்.இல் அதோடு அந்த விமானத்தின் கதை முடிந்தது. பெரியவர் அதற்கு முந்தைய வருடங்களில் இருந்திருந்தால் அந்தக் குறிப்புகளில் அவர் குழு இருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் நான் பறப்புப் பதிவேட்டையே முதலில் நம்புவேன், அன்றன்றைக்கு எழுதியது என்பதால். ஆனால் மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பிய பதிவேடுகளும் உண்டு. ஒரே மையில், ஒரே சாய்வில் முப்பது வரி இருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை.

இனி மறுபடி கூட்டிப் போகும் விஷயம். போகலாம், ஆனால் போன முறை போல் அல்ல. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, நேரே காக்பிட்டைக் காட்டி “ஞாபகம் இருக்கா?” என்று கேட்பது. மாறிப்போன, ஓட்டை விழுந்த, கழற்றிய இடம் அதுதான். மாறாத இடங்களிலிருந்து தொடங்குங்கள். சண்டர்லேண்டில் மாறவே மாறாதது படகாக இருந்த பகுதி. மூக்கில் நங்கூர அறை. முன்பக்கத் துப்பாக்கிக் கூண்டு தண்டவாளத்தில் பின்னுக்கு நகரும்படி செய்தது எதற்கென்றால், அந்த வழியாக ஆள் தலையை வெளியே நீட்டி மிதவையைப் பிடிக்கத்தான். அதற்குப் பின்னால் நிஜமான பீங்கான் கழிப்பறை. அந்தக் காலத்துப் போர் விமானங்களில் அரிதான ஆடம்பரம். பிறகு அதிகாரிகள் அறை, சமையலறை, குண்டு அறை. குண்டுகளும் நீர்மூழ்கிக்கு எதிரான ஆழக் குண்டுகளும் இறக்கையில் தொங்கிக்கொண்டு வராது. இந்த அறையில் இருக்கும். பக்கவாட்டுக் கதவு திறந்து, மேலே உள்ள தண்டவாளம் வழியாக இறக்கையின் அடிக்கு வெளியே ஓடும், போட்டபின் உள்ளே திரும்பும். அந்தத் தண்டவாளத்தைக் காட்டுங்கள். தலைக்கு மேலே கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடுவதையும் காட்டுங்கள். 1948இல் சோவியத் படை மேற்கு பெர்லினை முற்றுகையிட்டபோது அங்கே உப்பு ஏற்றிப் போக இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண விமானத்தில் கம்பிகள் தரைக்கு அடியில் ஓடும், உப்பு சிந்தினால் அரித்துவிடும். இதில் கம்பி கூரையோரம், உடம்போ கடல்நீருக்கென்றே காப்புப் பூசியது. ஹாம்பர்கில் ஏற்றி பெர்லினில் ஹாஃபெல் ஏரியில் இறக்கினார்கள்.

கேட்க வேண்டிய கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. மிதவையில் எப்படிக் கட்டினீர்கள்? பறக்கும் படகுக்குப் பிரேக் கிடையாது, பின்னோக்கிப் போகவும் தெரியாது. என்ஜின் ஓடும்வரை முன்னே போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க, சமையலறையின் இரு பக்கத் திறப்புகளிலிருந்தும் ட்ரோக் எனப்படும் கித்தான் பையை நீரில் விடுவார்கள். பெரிய வாளி மாதிரி விரிந்து இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் விட்டால் வேகம் தணியும், ஒன்றை மட்டும் விட்டால் அந்தப் பக்கம் திரும்பும். கேப்டன் கண்ணுக்கு மூக்கின் அடியில் இருக்கும் மிதவை கடைசி நேரத்தில் தெரியாது. மூக்கில் நிற்பவன் கைச்சைகைதான் வழி. அவன் கொக்கிக் கழியால் மிதவையின் வளையத்தைப் பிடித்துக் கயிறு கோக்க வேண்டும். தவறினால் கேப்டன் மறுபடி சுற்றி வர வேண்டியதுதான். ட்ரோக்கை வேகம் குறையுமுன் விட்டால் கயிறு துடித்துப் பாயும். கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நிற்பவன் விரல் போகும். பை நிரம்பிய பிறகு வெளியே இழுப்பது இன்னும் மோசம். இந்த வரிசையை அவர் வாயால் ஒருமுறை சொல்லவிடுங்கள். மாலையில் இன்னொருமுறை, சில நாள் கழித்து மூன்றாவது முறை. மூன்றிலும் மாறாமல் வருவது கெட்டி. ஒருமுறை மட்டும் தலைகாட்டுவது வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம், அல்லது மிக அருமையான ஒன்றாகவும் இருக்கலாம். அதை எழுதி வைத்து, பதிவேட்டில் தேடுங்கள்.

சிக்னலர் இருக்கை மேல்தட்டில், கேப்டனுக்குப் பின்னால், இடது பக்கம். ஏறிப்போகும் ஏணி செங்குத்து. எண்பத்தைந்து தாண்டியவரை அதில் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன், அவர் எவ்வளவு வீம்பு பிடித்தாலும். இறங்கும்போதுதான் விழுவார்கள், ஏறும்போது அல்ல. கீழ்த்தட்டில் பார்வையாளர் நடை எப்போது திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே மியூசியத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். முன்னாள் குழுவினர் என்று சொல்லி, ஒரு மாதமாவது முன்னால் மின்னஞ்சல் அனுப்பினால் தனி ஏற்பாடு செய்ய முயல்வார்கள். வார நாள் காலை போங்கள், பள்ளிக் கூட்டம் இல்லாத வாரமாக. மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு, உலோகக் கொக்கி இல்லாத இடுப்புவார். பிடித்துக்கொள்ள நினைத்தால் தடித்த சட்டத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். குழாய்களையும் கம்பிகளையும் அல்ல. அரித்துப்போன அலுமினியம் வெளியே பளபளப்பாகவும் உள்ளே வெள்ளைப் பொடியாகவும் இருக்கும். இந்த விமானம் பெம்ப்ரோக் டாக்கிலும், பிறகு ஹென்டனிலும் வருடக்கணக்கில் வெட்டவெளியில் நனைந்தது என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு யோசனை: அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும். மியூசியத்தார் ஒருவர் போனில் வீடியோ அழைப்போடு மேலே போகட்டும். “உட்காரு, வலது கையை நீட்டு, என்ன படுது?” என்று அவர் கேட்டு நடத்தட்டும். படத்தைக் காட்டிக் கேட்பதைவிட இது பல மடங்கு பலன் தரும். அவர் நடத்துகிறார், நாம் நடத்தவில்லை.

ஒலிப்பதிவுக்குத் தனி மைக் எல்லாம் வேண்டாம். போனை அவர் சட்டைப்பையில், திரை உள்பக்கமாக வையுங்கள். தகட்டு உடம்புக்குள் எதிரொலி அதிகம். தூரத்தில் பிடித்தால் சொல் கலங்கிவிடும். அவர் பேசாமல் நிற்கும்போது நிரப்பாதீர்கள்.

ஹென்டன் சரிப்படாவிட்டால், கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்ட் மியூசியத்தில் எம்.எல்.796 என்ற இன்னொரு சண்டர்லேண்ட் இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுக் கடற்படை வழிதான். நடுவில் பிரான்ஸின் லா போல் கடற்கரையில் மதுக்கூடமாக இருந்த வாழ்க்கையும் அதற்கு உண்டு. 1976இல் இங்கிலாந்துக்கு மீட்டு வந்தார்கள். சவுத்தாம்ப்டனில் சொலண்ட் ஸ்கை மியூசியத்தில் சாண்ட்ரிங்ஹாம் என்ற வகை ஒன்று இருக்கிறது. போர்க்கால சண்டர்லேண்டைப் பயணிகள் விமானமாக மாற்றியது. உள்ளே எல்லாம் வேறு. இவருக்கு அது உதவாது என்றே நினைக்கிறேன். இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல்: சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியிலும், இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கலவிலும் இரண்டாம் உலகப் போரில் கேட்டலினா என்ற இன்னொரு வகைப் பறக்கும் படகுகள் நின்றன. 1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கப்பல் படையை முதலில் கண்டு தகவல் அனுப்பிய கனடா விமானி பெர்ச்சலின் விமானம் கொக்கலவிலிருந்து கிளம்பியதுதான். அந்தக் கரைகளில் கயிறு பிடித்தவர்கள், எண்ணெய் சுமந்தவர்கள் வீட்டு ஞாபகங்களுக்கும் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும்.

பெரியவர் வீட்டில் அந்த நீல அட்டைப் புத்தகம் இருந்தால், விமான எண் வரும் பத்தியை மட்டும் படமெடுத்து இங்கே போடுங்கள். பெயர்கள் இருக்கும் பகுதியை மறைத்துவிடுங்கள். எண்களை வைத்து, அவர் காலத்தில் அந்தந்தப் படகில் முதுகுக் கூண்டு இருந்ததா, அடுப்பு எந்தப் பக்கம் என்பதைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.